சவாரி இறங்கும் வரை

அன்று சாயங்காலம் செங்கம் ரோட்டில் பாய் டீக்கடை முன்னால் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பெஞ்சின் இந்த முனையில் ஏழுமலை. பஸ் ஸ்டாண்டு ஆட்டோ ஸ்டாண்டைச் சேர்ந்தவன். கையில் வண்டி இல்லை.

பெஞ்சின் அந்த முனையில் காசி. ராஜகோபுரத்து ஆட்டோ ஸ்டாண்டைச் சேர்ந்தவன். அவன் கையிலும் வண்டி இல்லை.

கல்லாவில் பாய்.

வேப்பமரத்தடியில் எங்கள் செங்கம் ரோடு ஸ்டாண்டின் தலைவர்.

அவர் பக்கத்தில் எங்கள் மணி. வாயைத் திறக்கக் கூடாது என்று அவனுக்கு உத்தரவு.

எதிர்ப்பக்கம் சைக்கிள் கடை வாசலில் பஸ் ஸ்டாண்டுக்காரர் ஒருவர். நடப்பதைப் பார்த்துப் போய்ச் சொல்ல வந்தவர். பஞ்சர் ஒட்ட வந்ததாகச் சொன்னார். சைக்கிள் இல்லை.

அவரிடமிருந்து நாலடி தள்ளி கோபுரத்துக்காரர் ஒருவர். அதே வேலை. அவரிடமும் சைக்கிள் இல்லை.

ரோட்டோரத்தில் நான்.

இன்னும் இரண்டு வண்டிகள் வர வேண்டும். ஒன்று ஏழுமலையின் வண்டி, கோபுரத்திலிருந்து. இன்னொன்று காசியின் வண்டி, பஸ் ஸ்டாண்டிலிருந்து. இரண்டும் வந்தால் இரண்டு குடும்பத்துக்கும் அந்த வருஷம் பிழைப்பு உண்டு. ஒன்று மட்டும் வந்தால் இரண்டும் வராததைவிட மோசம்.

நம் ஸ்டாண்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கு இதை எழுதுகிறேன். ஏழாவது வரைதான் படித்தேன். பேச்சும் கம்மி. மூட்டு தேய்ந்து வண்டியை விற்றுவிட்டேன். அனுபவத்தை எழுதுங்கள் என்று கேட்கிறீர்கள். வண்டி ஓட்டுவதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, அது உங்களுக்கே வரும். நம் ஸ்டாண்டு நடுத்தரமானது. ஒரேயடியாகச் சின்னதும் இல்லை, ஊரை மிரட்டுகிற அளவுக்குப் பெரியதும் இல்லை. பெரிய ஸ்டாண்டுகள் இரண்டும் முறைத்துக்கொண்டால் நமக்கு அதில் என்ன வேலை என்பதை மட்டும் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. செல்போன் கிடையாது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலக் கூட்டம் ஏறிக்கொண்டே போன காலம். கூட்டம் ஏற ஏற ஆட்டோவும் ஏறியது, சண்டையும் ஏறியது. ஸ்டாண்டுகளுக்குள் இரண்டு கட்டுப்பாடு இருந்தது. அடுத்த ஸ்டாண்டில் சவாரியை இறக்கலாம், ஏற்றக் கூடாது. இது ஒன்று. காலி வண்டியை மறித்து என்ன வேண்டுமானாலும் கேட்கலாம், சவாரி உட்கார்ந்திருக்கும் வண்டியை யாரும் தொடக் கூடாது. இது இரண்டாவது. யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் எல்லாருக்கும் தெரியும்.

கார்த்திகை தீபத்துக்குக் கொடியேறப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். ஏழுமலை கோபுரத்தில் ஒரு குடும்பத்தை இறக்கினான். கொஞ்ச நேரம் கழித்து அங்கேயே ஒரு குடும்பத்தை ஏற்றினான். நான் இறக்கிய அதே குடும்பம்தான், தரிசனம் முடித்து வந்தது என்றான் அவன். வேறு குடும்பம் என்றார்கள் கோபுரத்துக்காரர்கள். குடும்பத்தைக் கேட்கலாம் என்றால், சத்தத்தைப் பார்த்து அது இறங்கி வேறு ஆட்டோவில் போய்விட்டது. இறங்கியதும் வண்டி காலி. பிடித்துச் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் கோபுரத்துக் காசி பஸ் ஸ்டாண்டில் சவாரி இறக்கினான். இறக்கியதும் அவன் வண்டியும் காலி. பஸ் ஸ்டாண்டுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

இரண்டு பேருக்கும் இருந்தது ஒவ்வொரு வண்டி. சொந்த வண்டி. தீபத்துப் பத்து நாள் ஓட்டுவதில்தான் அடுத்த நாலைந்து மாதம் வீடு நடக்கும். கொடியேறுவதற்குள் வண்டி கைக்கு வராவிட்டால் அந்த வருஷம் அவ்வளவுதான். போலீசுக்கு யாரும் போகவில்லை. போனால் கேஸ் முடியும் வரை வண்டி ஸ்டேஷனில் நிற்கும், தீபம் அதற்காகக் காத்திருக்காது. நீ முதலில் விடு என்று அவர்கள், நீ முதலில் விடு என்று இவர்கள். முதலில் விட்டவன் தப்பை ஒத்துக்கொண்டவன் ஆகிவிடுவான்.

வண்டி இல்லாமல் சொந்த ஸ்டாண்டில் போய் நிற்க இரண்டு பேருக்கும் கூச்சம். வீட்டிலும் உட்கார முடியவில்லை. இரண்டு பேரும் தனித்தனியாக எங்கள் பாய் கடைக்கு வந்து உட்கார்ந்தார்கள். ஒரே பெஞ்சு. இந்த முனை ஒருவன், அந்த முனை ஒருவன். பேசவில்லை. பாய் கடையில் பேப்பர் ஒன்றுதான். ஏழுமலை முன்பக்கத்தை எடுத்துக்கொள்வான், காசி உள்பக்கத்தை. படித்து முடித்ததும் ஏழுமலை தன் தாளைப் பாயிடம் கொடுப்பான். பாய் அதைக் காசியிடம் கொடுப்பார். காசியின் தாள் பாய் வழியாக ஏழுமலைக்கு வரும். இரண்டு கைக்கும் நடுவில் ஒரு முழம்தான் தூரம்.

"ஏன்பா, கை நீட்டினா எட்டுது. என்ன எழுந்து எழுந்து வர வெக்கறீங்களே" என்றார் பாய் ஒருநாள்.

ஏழுமலை படித்த தாளை மறுபடி பாயிடம் நீட்டினான். பாயும் தாளை மாற்றிக் கொடுப்பதை நிறுத்தவில்லை.

எங்கள் தலைவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேரைப் போடவில்லை, போட்டால் அவருக்குப் பிடிக்காது. முன்பு ஜட்கா ஓட்டியவர். என்னைவிட நாலைந்து வயது கூட. குரல் உயர்த்தாமல் திட்டுவார்.

"இதுல நாம போவலாம்" என்றார்.

முதலில் மணியைத் தூது அனுப்பினோம். மணி நல்லவன். எல்லாரும் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று நினைப்பவன். அதுதான் கெடுத்தது. பஸ் ஸ்டாண்டில், "விடறதப் பத்தி யோசிக்கலாம்" என்று யாரோ சொன்னதைக் கொண்டு போய் கோபுரத்தில், "அவங்க ரொம்ப வருத்தப்படறாங்க, தப்புதான்னு நெனைக்கறாங்க" என்று சொல்லிவிட்டான். கோபுரத்துக்காரர்கள் அன்று மாலையே, தப்பை ஒத்துக்கொண்டார்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னார்கள். அது பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது காசியின் வண்டியில் ஒரு டயரிலும் காற்று இல்லை.

தலைவர் மணியைத் திட்டவில்லை. "இனிமே நீ வாயத் தொறக்காத" என்று மட்டும் சொன்னார். என்னைப் பார்த்தார். "நீ போ. உனக்குத்தான் சேத்துப் பேச வராது."

பஸ் ஸ்டாண்டுத் தலைவர் கனத்த ஆள். தோளில் துண்டு. என்னைப் பார்த்ததும், "உங்களுக்கு இதுல இன்னாய்யா?" என்றார்.

இந்த இடத்தைக் கவனியுங்கள் தம்பிகளே. எங்களுக்கு ஒன்றும் இல்லை, ஊர் நல்லா இருக்கணும் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஒன்றும் வேண்டாம் என்கிறவனைப் பார்த்தால் எல்லாருக்கும் பயம் வரும்.

"நீங்க ரெண்டு பேரும் மொறச்சிக்கினா எங்க வண்டி ரெண்டு பக்கமும் எறக்க முடியல. தீபத்துக்கு எங்களுக்கும் ஓடணும்" என்றேன்.

தலையை ஆட்டினார். அது அவருக்குப் புரிகிற கணக்கு.

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. எங்க பக்கம்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. ஆசிரமத்துப் பக்கம் பூரா உங்களுக்கே. நாங்க அங்க ஏத்தவே மாட்டோம்."

நல்ல பேரம்தான். ஆசிரமத்துப் பக்கம் வெளியூர்க்காரர்கள், வெளிநாட்டுக்காரர்கள் சவாரி ஜாஸ்தி. தலைவரிடம் வந்து சொன்னேன். அவர் டீயைக் குடித்து முடித்தார்.

"இன்னிக்கு அவங்க குடுப்பாங்க. நாளைக்கு கோபுரத்துல நம்ம வண்டி நிக்குமா? வேணாம்னு சொல்லு. மரியாதையா சொல்லு."

போய்ச் சொன்னேன். பஸ் ஸ்டாண்டுத் தலைவர் கோபப்படவில்லை. துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். "சரி. அப்ப அவங்ககிட்ட போய் சொல்லு. அந்த நாய்ங்க வண்டிய விட்டா நாங்க விடறோம்னு சொல்லு."

கோபுரத்துக்குப் போனேன். அங்கே தலைவர் ஒல்லி. நெற்றி நிறைய விபூதி. "இன்னா சொன்னான்?" என்றார்.

"அந்த நாய்ங்க வண்டிய விட்டா நாங்க விடறோம்னு சொல்லச் சொன்னாரு."

சுற்றி நின்றவர்கள் எழுந்துவிட்டார்கள். அவர் கையைக் காட்டி உட்கார வைத்தார்.

"நாயின்னா சொன்னான்?"

"ஆமா."

"ஏன்யா, நீ கொஞ்சம் மாத்திச் சொல்லக் கூடாதா?"

"போன தடவ மாத்திச் சொல்லித்தான் உங்க காசி வண்டில காத்து போச்சு."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "அப்ப இதையும் அப்படியே கொண்டு போ. மொதல்ல சவாரிய திருடினவன் மொதல்ல குடுக்கணும்னு சொல்லு. எருமன்னு சேத்துச் சொல்லு."

எருமையைக் கொண்டு போய்ச் சேர்த்தேன். அங்கிருந்து வேறொன்றைக் கொண்டு வந்தேன். இப்படி இரண்டு நாள். என் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, காட்டவும் எனக்கு வராது. மூன்றாவது நாள் திட்டு கம்மியாகிவிட்டது. சொல்வது எல்லாம் முழுசாகப் போய்ச் சேரும் என்று தெரிந்தால் மனுஷன் தானாகவே அளந்து பேசுகிறான். இதை எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. போய் வந்ததில் தெரிந்தது.

திட்டு கம்மியானதே தவிர வண்டி நகரவில்லை. நீ முதலில், நீ முதலில். கொடியேற்றம் கிட்டே வந்துவிட்டது. ஏழுமலை டீ குடிப்பதை நிறுத்திவிட்டான். காசி பேப்பரை வெறுமனே கையில் வைத்துக்கொண்டிருப்பான், தாளைத் திருப்ப மாட்டான்.

அந்தச் சமயத்தில் எனக்கு வழக்கமான சவாரி ஒருவர் இருந்தார். வெள்ளைக்காரர். வருஷா வருஷம் குளிர்காலத்தில் ஆசிரமத்துப் பக்கம் வீடு எடுத்துத் தங்குவார். பனி ஜாஸ்தியான ஏதோ ஒரு நாடு. பேரைச் சொன்னார், என் வாயில் நிற்கவில்லை. எப்போதும் தொப்பி போட்டிருப்பார், அதனால் தொப்பிக்காரர் என்போம். தமிழ் பாதி வரும்.

"உங்க ஊர்ல இன்னா வேல பாத்தீங்க?" என்று ஓட்டிக்கொண்டே கேட்டேன். சும்மா கேட்டதுதான்.

"கவர்மெண்ட். மீட்டிங் வேலை."

"மீட்டிங்கா?"

"ரெண்டு பெரிய நாடு. சண்டை. நேரா பேச மாட்டாங்க. எங்க நாடு பெரிசு இல்லை. ரொம்ப சின்னதும் இல்லை. ரெண்டு பேருக்கும் எங்க மேல பயம் கிடையாது. அதனால எங்க ஊர்ல வந்து பேசுவாங்க."

"நீங்க இன்னா புத்தி சொல்வீங்க?"

"ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

"அப்ப வேல?"

"ரெண்டு கதவு இருக்கிற ரூம் தேடுவேன். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் உள்ளே வரணும். யாரும் முதல்ல வந்து காத்திருக்கக் கூடாது. அப்புறம் காபி குடுப்பேன்."

"அவ்ளோதானா?"

"காபி நல்லா இருக்கணும்" என்றார்.

இதைத் தலைவரிடம் சொன்னேன். சிரிக்கத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"நம்மகிட்ட ஒரு கதவே இல்லையேடா. ரோடுதான் இருக்குது" என்றார். வேப்பமரத்தில் சாய்ந்துகொண்டார். ரொம்ப நேரம் கழித்து, "கதவு இல்ல. சவாரி இருக்குது" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"விடுன்னு சொன்னாத்தானே கௌரவம் போவும்? விட வேணாம். அந்த வண்டில ஒரு சவாரி ஏறட்டும். செங்கம் ரோடு போவணும்னு கேக்கட்டும். சவாரி கேட்டா எந்த ஆட்டோக்காரன் மாட்டேங்கறான்? அவங்க ஆளே ஓட்டினு வந்து இங்க எறக்கட்டும். எறக்கிட்டு டீ குடிக்கப் போவட்டும். சாவி வண்டியில இருக்கட்டும். இந்தப் பக்கமும் அப்படியே. ஒரே நேரத்துல. யாரும் யாருக்கும் விடல. சவாரி போச்சு, அவ்ளோதான்."

மறுநாள் கோபுரத்தில் சொல்லிவிட்டு வந்து பஸ் ஸ்டாண்டில் சொன்னேன். தலைவர் யோசித்தார்.

"அப்ப நாங்க விட்டதா ஆவாது?"

"ஆவாது."

"அவன் விட்டதாவும் ஆவாதா?"

"ஆவாது."

"அவன் விட்டதா ஆனா நல்லா இருக்கும்."

"அவரும் இதத்தான் சொன்னாரு" என்றேன்.

துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. காசி வண்டி டயருக்குக் காற்று அடிக்கச் சொன்னார்.

நாலு மணி என்று வைத்தோம். சவாரி உண்மையான சவாரியாக இருக்க வேண்டும், நம் ஆளை ஏற்றினால் வேஷம் தெரிந்துவிடும் என்றார் தலைவர். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக்குத் தொப்பிக்காரர். அன்று அவர் பார்சல் அனுப்ப டவுனுக்குப் போவதாக இருந்தது. திரும்பி வரும்போது எந்த வண்டியில் ஏற வேண்டும் என்று நம்பரைச் சொன்னேன். ஏன் என்று கேட்கவில்லை. கோபுரத்துப் பக்கத்துக்கு அடி அண்ணாமலை முனியம்மா. கோபுர வாசலில் பூ விற்பவர். சாயங்காலம் வீட்டுக்கு எங்கள் வழியாகத்தான் போக வேண்டும், எப்போதும் டவுன் பஸ்.

"அடி அண்ணாமல போறவள பாய் கடையில எறக்கி வுட்டா மீதிக்கு நடக்கவா?" என்றார்.

"மீதிக்கு நான் இட்டுனு போறேன்கா."

"ஆட்டோக்காரன் தானா கூப்பிடறான்னா இன்னாவோ இருக்குது" என்றார். ஆனால் ஒத்துக்கொண்டார்.

இரண்டு பக்கத்து ஓட்டுநர்களிடமும், மெதுவாக வாருங்கள், முந்த வேண்டாம் என்று சொல்லியிருந்தோம். ஆட்டோக்காரனிடம் முந்தாதே என்று சொன்னது எங்கள் தப்பு. கோபுரத்துப் பையனுக்கு முன்னால் டவுன் பஸ் போயிருக்கிறது. கை தானாகத் திருகிவிட்டது. நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே முனியம்மாவோடு ஏழுமலை வண்டி பாய் கடை முன்னால் வந்து நின்றுவிட்டது.

ரோட்டில் வேறு வண்டி இல்லை. முனியம்மா கூடையை எடுத்துக்கொண்டு ஒரு காலை வெளியே வைத்தார். நான் போய் வழியில் நின்றேன்.

"எறங்காதீங்கக்கா."

"ஏன்?"

"கொஞ்ச நேரம் உக்காருங்க."

"வண்டி நின்னுடிச்சி. எறங்க வேணாமா? வழிய வுடு."

குனிந்து மெதுவாகச் சொன்னேன். "இது ஏழுமல வண்டி. காசி வண்டி இன்னும் வரல. நீங்க எறங்கிட்டா இது மொதல்ல வந்ததா ஆயிடும். அப்புறம் அது வராது."

முனியம்மா பெஞ்சைப் பார்த்தார். ஒரு முனையில் ஏழுமலை, மறுமுனையில் காசி. வெளியே வைத்த காலை உள்ளே இழுத்துக்கொண்டார். கூடையை மடியில் வைத்தார்.

"பாய், எனக்கு ஒரு டீ சொல்லு. சக்கர தூக்கலா. காசு இவன்தான் குடுப்பான்."

சைக்கிள் கடை வாசலில் இருந்த பஸ் ஸ்டாண்டுக்காரர் கழுத்தை நீட்டினார். "வண்டி வந்துடிச்சா?"

"சவாரி எறங்கலையே" என்றார் எங்கள் தலைவர்.

"அப்ப வரலையா?"

"சவாரி இருந்தா வண்டி ஓட்டத்துல இருக்குதுன்னுதான் அர்த்தம்."

"நிக்குதே."

"நின்னுனு ஓட்டத்துல இருக்குது."

நாலு ஆயிற்று. பஸ் ஸ்டாண்டு பக்கத்திலிருந்து வண்டி வரவில்லை. நாலேகால் ஆயிற்று. வரவில்லை. கோபுரத்திலிருந்து வந்தவர் சைக்கிள் கடையை விட்டு ரோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தார்.

"ஏமாத்திட்டானுங்க. நாங்க அனுப்பினோம், அவனுங்க அனுப்பல." ஓட்டி வந்த பையனைப் பார்த்தார். "திருப்புடா."

பையன் கை வண்டியைக் கிளப்புகிற லீவருக்குப் போனது. முனியம்மா பின்னாலிருந்து அவன் தோளில் ஒன்று போட்டார்.

"என்ன வெச்சிக்கினா திருப்பற? நான் கோபுரத்துக்கா போவச் சொன்னேன்? சவாரி சொன்ன எடத்துல எறக்காத திருப்பறதுதான் உங்க ஸ்டாண்டு பழக்கமா? கோபுர வாசல்ல நாளைக்குச் சொல்றேன் இரு."

பையன் கையை எடுத்துக்கொண்டான். வந்தவரும் வண்டியைத் தொடாமல் பின்வாங்கினார். சவாரி இருக்கும் வண்டி.

மணி தலைவர் காதருகே போனான். வாயைத் திறக்கக் கூடாது என்பதால் கையால் காட்டினான், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று. தலைவர் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. எனக்கும் போய்ப் பார்க்க வேண்டும் என்றுதான் இருந்தது. போயிருந்தால் கதை முடிந்திருக்கும். நடுவில் நிற்கிறவனே பதறிப்போய்த் தேட ஆரம்பித்தால் அவனுக்கே நம்பிக்கை இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். அந்த மாதிரி நேரத்தில் சும்மா நிற்பதுதான் வேலை. கஷ்டமான வேலை.

அப்போது ஏழுமலை எழுந்தான்.

அவன் வண்டி மூன்றடி தூரத்தில் நிற்கிறது. முன்கண்ணாடியில் அவன் மகள் ஒட்டிய ஸ்டிக்கர் இருக்கிறது. இத்தனை நாள் கண்ணால் பார்க்காத வண்டி. ஒரு அடி வைத்தான். ஹேண்டிலைத் தொட்டால் போதும். பிடுங்கிக்கொண்டான் என்று ஆகிவிடும். காசி வண்டி பஸ் ஸ்டாண்டை விட்டு அசையாது. கொடியேற்றம் மறுநாள்.

நான் நகர்வதற்குள் பெஞ்சின் அந்த முனையிலிருந்து குரல் வந்தது.

"உக்காரு."

காசி. ஏழுமலையைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தொட்டீன்னா என் வண்டி வராது."

ஏழுமலை நின்றான். "என் வண்டி. சும்மா நிக்குது."

"தெரியுது. என் வண்டி அங்க நிக்குது. உக்காரு."

"வராட்டி?"

"வராட்டி ரெண்டு பேரும் சேந்து பாய்கிட்ட கிளாஸ் கழுவலாம். உக்காரு."

பாய் கல்லாவிலிருந்து, "எனக்கு ஆளு வேணாம்பா" என்றார்.

ஏழுமலை உட்கார்ந்தான். அவன் பழைய முனையில் உட்காரவில்லை, நின்ற இடத்துக்குப் பக்கத்தில், பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தான். காசி கையிலிருந்த தாளை அவன் பக்கம் தள்ளினான். பாய் எழுந்து வரவில்லை.

காசியின் வண்டி வந்தது நாலரைக்கு. தொப்பிக்காரர் உள்ளே இருந்தார். யாரும் ஏமாற்றவில்லை. பிடித்து வைத்த வண்டியில் பெட்ரோல் இல்லை. நம் ஆட்களுக்குச் சவாரி ஏறின பிறகுதான் பெட்ரோல் ஞாபகம் வரும். நேரே பங்க்குக்குப் போயிருக்கிறான். அங்கே தீபத்துக்கு வந்த வண்டிகள் வரிசை.

"பங்க்ல கியூ" என்றான் ஓட்டி வந்தவன், எதுவும் நடக்காத மாதிரி.

ஏழுமலை வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னேன். இரண்டு சவாரியும் ஒன்றாக இறங்க வேண்டும் என்றேன். தொப்பிக்காரர் மரியாதை தெரிந்தவர். முனியம்மாவைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"நீங்க முதல்ல."

"நீ எறங்குய்யா மொதல்ல. அரை மணி நேரமா உக்காந்துனு இருக்கறேன், மொதல்ல மொதல்லன்னு திரும்ப ஆரம்பிக்காத" என்றார் முனியம்மா.

தொப்பிக்காரர் என்னைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு விளங்கியது என்று நினைக்கிறேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நான் தலையை அசைத்தேன். இரண்டு பேர் காலும் ஒரே நேரத்தில் தரையில் பட்டன.

ஓட்டி வந்த இரண்டு பேரும் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுப் பாய் கடைக்குள் போனார்கள். ஏழுமலை அவன் வண்டியில் உட்கார்ந்தான். காசி அவன் வண்டியில் உட்கார்ந்தான். கை கொடுத்துக்கொள்ளவில்லை. நன்றி என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஏழுமலை லீவரை இழுத்தான், பிடிக்கவில்லை. திரும்ப இழுத்தான். பிடித்தது. போனான். காசியும் போனான். சைக்கிள் கடை வாசலில் நின்ற இரண்டு பேரும் டவுனுக்கு ஒரே பஸ்ஸில் போனார்கள், ஆளுக்கொரு வாசலில் ஏறி.

முனியம்மாவை நான் அடி அண்ணாமலையில் விட்டேன். டீக்குக் காசும் கொடுத்தேன்.

பஸ் ஸ்டாண்டில், நாங்கள் விடவில்லை என்று சொன்னார்கள். கோபுரத்தில், நாங்கள் விடவில்லை என்று சொன்னார்கள். ஊரில் யாராவது எங்களைக் கேட்டால், எங்களுக்குத் தெரியாது, இரண்டு சவாரி வந்தது, இறங்கியது என்று சொன்னோம். மணிகூட அதையே சொன்னான். இதில் நமக்குப் பேர் கிடைக்காது தம்பிகளே. பேர் வாங்க நினைத்தால் அடுத்த தடவை ஒருத்தரும் நம் இடத்துக்கு வர மாட்டார்கள். இப்போது பஸ் ஸ்டாண்டுத் தலைவரும் இல்லை, கோபுரத்துத் தலைவரும் இல்லை, எங்கள் தலைவரும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

வண்டி பிடிப்பது அதோடு நின்றது. சண்டை நிற்கவில்லை. பௌர்ணமிக்கு யார் எங்கே ஏற்றுவது, ஷேர் ஆட்டோ வந்தபோது யார் எந்த வழி ஓட்டுவது, ஒவ்வொன்றுக்கும் சண்டை. ஆனால் சண்டை முற்றினால் இரண்டு தரப்பிலும் ஆள் கிளம்பி செங்கம் ரோட்டுக்கு வருவார்கள். நாங்கள் பெஞ்சைத் துடைத்துப் போடுவோம். தள்ளி நிற்போம்.

அடுத்த குளிர்காலம் தொப்பிக்காரர் வந்தபோது கேட்டார்.

"இப்ப ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களா?"

"எங்க? நேத்துகூட ஒரே கத்தல்."

"எங்கே கத்தினாங்க?"

"பாய் கடையிலதான்."

"ஆனா வர்றாங்க, இல்லையா?" என்றார். ஆசிரமத்துப் பக்கம் இறங்கிக்கொண்டார்.

நான் வண்டியை விற்கும் வரை இரண்டு தரப்பும் எங்கள் இடத்தில் வந்து உட்கார்ந்தது பத்தொன்பது தடவை. அதில் பேசி முடிந்தது நாலு.